இன்னொரு தடவை கேட்பார்

என் வீட்டுக்காரர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. மற்றவர்கள் சொல்லும்போது உங்கள் காதில் விழும், அப்போது தெரிந்துகொள்ளுங்கள். அவரைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் "எதுக்கு புள்ள, இருக்கட்டும்" என்றுதான் சொல்லியிருப்பார். அந்த "இருக்கட்டும்" ஒருநாள் எங்கள் குடும்பத்தையே கவிழ்க்கப் பார்த்தது. அதனால் அவரைக் கேட்காமலேயே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜலகண்டாபுரத்துக்கு மேற்கே சின்ன ஊர் எங்களுடையது. வீட்டுக்கு யாராவது வந்தால் "மோர் குடிக்கிறீங்களா" என்று கேட்போம். வந்தவர் "இப்பத்தானுங்க குடிச்சேன்" என்று சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் நடந்து நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு வந்தவரும் அதையேதான் சொல்வார். "அட, ஒரு வாய் குடிங்க" என்றால் "இருக்கட்டுங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்பார். மூன்றாம் தடவை சொம்பைக் கையில் திணித்தால் "நீங்க இவ்வளவு சொல்றப்ப" என்று வாங்கி ஒரே மூச்சில் காலி செய்வார். முதல் தடவையே கையை நீட்டினால் பஞ்சத்தில் அடிபட்டவன் என்று பேசுவார்கள். இரண்டு தடவையோடு கேட்பதை நிறுத்திக்கொண்டால் கஞ்சப் பிசினாறி வீடு என்று பேசுவார்கள். எனக்கு இந்தக் கூத்து சின்ன வயசிலிருந்தே பிடிக்காது. பசித்தால் பசிக்கிறது என்று சொன்னால் வாயில் இருக்கிற முத்தா உதிர்ந்துவிடும்?

என் வீட்டுக்காரர் இந்தக் கூத்தில் கரைகண்டவர். பெண் பார்க்க வந்த அன்று என் அப்பா அவரிடம், "பொண்ணு புடிச்சிருக்குதுங்களா மாப்ள?" என்று கேட்டார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு "அதுக்கென்னங்க, இருக்கட்டும்" என்றார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்குப் பொசுக்கென்று போய்விட்டது. அப்பா விவரம் தெரிந்தவர், சிரித்துக்கொண்டே மறுபடியும் கேட்டார், அதற்கு மேலும் ஒரு தடவை கேட்டார். அப்புறம்தான் "சரிங்க மாமா" என்று மெதுவாக வந்தது. அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவர் மேட்டூர் அணை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கல் சுமக்கச் சேர்ந்தவர், பிறகு இரும்புக் கயிறு இழுக்கிற கூட்டத்துக்கு மாறி, உயரத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்யப் பழகினார். அணை கட்டி முடிந்தது. கட்டினவர்களுக்கு வேலையும் முடிந்தது. எங்களுக்கு இருந்தது மானாவாரியாக ஒரு துண்டு கடலைக்காடு. மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் நானும் என் மாமியார் சின்னாயியும் ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எப்படியோ இழுத்துப் பிடித்து ஓட்டிக்கொண்டிருந்தபோது குடகுக் காப்பித் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி ஊருக்கு வந்தான். இவர் பெயரையும் சேர்த்துக்கொண்டு போய்விட்டான். அவன் மட்டும் அலுக்காமல் மூன்று தடவை கேட்டான். ஆள் பிடிக்கிறவன் அல்லவா, எங்கள் ஊர் வழக்கம் அவனுக்கு அத்துப்படி.

குடகு என்ற பேச்சே எனக்கு ஆகாது. இவருடைய அண்ணன் மாரியப்பன் அங்கே போய் மலைக்காய்ச்சலில் செத்தவர். செய்தி ஊருக்கு வந்து சேர்ந்தபோது கருமாதி செய்ய வேண்டிய நாளே தாண்டிப் போயிருந்தது. இப்போது நான் வாயும் வயிறுமாக இருந்தேன். ஆடி பிறந்ததும் இவர் மேஸ்திரியோடு கிளம்ப வேண்டும், நான் பிள்ளை பெற என் அப்பா வீட்டுக்குப் போக வேண்டும், மாமியார் தனியாக வீட்டைக் காக்க வேண்டும் என்று பேச்சாகியிருந்தது. "போகாதீங்க" என்பேன். "போகாம என்ன புள்ள பண்றது" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் மேட்டூரிலிருந்து கரண்டுக் கம்பி வந்தது. காடு மேடெல்லாம் தாண்டி, எங்கள் கடலைக்காட்டு ஓரமாகவும் கம்பம் நட்டுக்கொண்டு போனார்கள். ஜலகண்டாபுரம் பங்களாவுக்கு ஒரு துரை வரப் போகிறார், கம்பி போகிற வழியைப் பார்த்துக்கொள்ளவும் கம்பம் ஏறவும் உள்ளூர் ஆட்களை எடுக்கப் போகிறார் என்று தண்டோரா போட்டார்கள். மாசச் சம்பளம், ராத்திரி சொந்த வீட்டில் படுத்துக்கொள்ளலாம். எனக்கு அதைக் கேட்டதும் தூக்கம் போய்விட்டது.

ஆனால் இந்தத் துரை ஒவ்வொருத்தரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டுத்தான் எடுப்பாராம். வரிசையில் நின்றால் மேஸ்திரி தோளைத் தட்டிப் பார்த்து "நீ வா, நீ போ" என்பதுதான் அதுவரை நாங்கள் கண்ட முறை. இவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"கம்பம் ஏறச் சொன்னா ஏறிருவேன் புள்ள. கேள்வி கேட்டா பதிலுக்கு எங்க போறது?" என்றார்.

"என்ன கேள்வின்னு தெரிஞ்சா பதிலை நாம ரெடி பண்ணிக்கலாமுங்க. நான் பார்க்கறேன்" என்றேன்.

மறு சந்தைக்கு முட்டைக் கூடையோடு போனேன். என் பக்கத்தில் கீரை விற்கிற சௌந்திரம் ஓமலூர்க்காரி. அதே துரை அதற்கு முன் ஓமலூரில் ஆள் எடுத்திருந்தார், அவள் புருஷன் போயிருந்தார். கேள்விக்கு ஒரு முட்டை என்று பேரம் பேசினேன். அவள் சிரித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். பேரு என்ன, ஊரு என்ன, முன்னே என்ன வேலை பார்த்தாய், அதை ஏன் விட்டாய், உயரம் என்றால் பயமா, குடிப்பாயா, இந்த வேலைக்கு ஏன் வருகிறாய், உன்னிடம் என்ன குறை. கடைசிக் கேள்வியைக் கேட்டு நான் முட்டையைக் கீழே வைத்துவிட்டேன். பெண் கேட்டு வருகிற வீட்டில்கூட அதை நேராகக் கேட்க மாட்டார்கள்.

"உங்க ஊட்டுக்காரருக்கு வேலை ஆச்சா சௌந்திரம்?"

"இல்லீங்கக்கா. எல்லாத்துக்கும் ஒழுங்காத்தான் பதில் சொன்னேங்கறாரு. துரையும் சிரிச்ச முகமாத்தான் இருந்தாராமா. ஏன் எடுக்கலைன்னுதான் தெரியலை" என்றாள்.

எனக்கும் தெரியவில்லை. ஏதோ ஒரு கேள்வியில் சறுக்கியிருப்பார், வெளியே சொல்ல வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் பாடம் ஆரம்பமானது. கயிற்றுக் கட்டிலை வாசலில் போட்டு நான் உட்கார்ந்தேன். அவர் எதிரே நின்றார். நான்தான் துரை. மாமியார் ஒரு ஓரமாகக் கடலை உரித்துக்கொண்டிருந்தவர், "புருசனை நிக்க வெச்சு நீ-ன்னு பேசுவயா?" என்று கேட்டார். அதுவும் நியாயம்தான். அவருடைய தலைத்துண்டை எடுத்து என் தலையில் கட்டிக்கொண்டு, "இது தலையில இருக்கற வரைக்கும் நான் துரை அத்தை. அவுத்துட்டா உங்க மருமவ" என்றேன். மாமியார் கடலையை உரித்துக்கொண்டே சிரித்தார்.

"உன் பேர் என்ன?"

"சடையனுங்க."

தெரிந்துகொண்டீர்களா? நான் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார்.

"முன்னால பார்த்த வேலையை ஏன் உட்டே?"

"நான் எங்கீங்க உட்டேன்? அணை கட்டி முடிஞ்சு போச்சுங்க."

"இப்படிச் சொன்னா துரை சிரிப்பாருங்க" என்றேன்.

"நெசத்தைச் சொன்னாச் சிரிக்கட்டுமே சாமி" என்றார் மாமியார். சரி என்று அதை அப்படியே விட்டோம்.

குடிப்பாயா என்ற கேள்விக்கு "இல்லீங்க" என்று சொல்லிவிடச் சொன்னேன். "நோம்பிக்கு நோம்பி ரெண்டு மொந்தை குடிக்கிறது மாரியாயிக்குத் தெரியுமே புள்ள" என்றார். அம்மனைச் சாட்சிக்கு இழுத்தபின் நான் என்ன செய்ய? நோம்பி, திருவிழாவுக்கு மட்டும் கள் என்று சொல்வதாக முடிவானது. உயரத்துக்குப் பயமில்லை, அதற்குப் பாடமே தேவையில்லை.

"உங்கிட்ட என்ன கொறை?"

இதற்கு அவர் தலையைச் சொறிந்தார். "எங்கிட்ட என்ன கொறை புள்ள?" என்று என்னையே கேட்டார். என்னிடம் கேட்கலாமா அதை? ஈரத் துண்டைச் சுருட்டி மூலையில் போடுவதில் ஆரம்பித்து, கூப்பிட்டால் இரண்டாம் தடவைக்குத்தான் ஏன் என்று கேட்பது வரை வரிசையாக எடுத்துவிட்டேன். மாமியார், "கொறட்டையை உட்டுட்டயே" என்று எடுத்துக் கொடுத்தார். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பேச்சுல மெதுவுங்க, வேலையில மெதுவில்லைங்க" என்றார். அதைவிட நல்ல பதில் எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

"இந்த வேலைக்கு ஏன் வாரே?"

தரையைப் பார்த்தார். பிறகு, "குடகுக்குப் போகப் பயமா இருக்குதுங்க. எங்கண்ணன் அங்கதான் செத்துதுங்க. ஊட்டுல பிள்ளை பொறக்கப் போகுது, அதும் மூஞ்சியைப் பார்க்கோணுங்க" என்றார்.

நான் தலையிலிருந்த துண்டை அவிழ்த்துவிட்டேன். குடகைப் பற்றி அவர் வாய் திறந்தது அன்றைக்குத்தான். எனக்கு மட்டும்தான் பயம், அவர் மரக்கட்டை மாதிரி கிளம்பப் போகிறார் என்று அத்தனை நாளும் நான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். அந்தப் பதிலை யாரும் திருத்தவில்லை.

அதற்கப்புறம் அவர் கிணற்றடியிலும் காட்டிலும் தனியாக முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார். ஆட்டுக்குட்டியைப் பிடித்து நிறுத்தி "உசரத்துக்குப் பயமில்லைங்க" என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். கேட்க வேண்டிய கேள்வி எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன், பதிலெல்லாம் வாயில் நிற்கிறது, இனி அம்மன் பாடு என்று நிம்மதியாக இருந்தேன்.

துரை வந்த நாளில் நானும் கூடவே போனேன். மாமியார் கம்மஞ்சோறும் மோரும் கட்டிக் கொடுத்து, மேலே ஒரு துணியில் கடலை உருண்டையும் முடிந்து கொடுத்தார். எல்லோரும் உருண்டையை உருண்டையாகப் பிடிப்பார்கள். என் மாமியார் பிடித்தால் கோழிமுட்டை மாதிரி நீளமாகத்தான் வரும். கையின் வாகு அப்படி. ஊரில் விசேஷ வீட்டுத் தட்டில் பத்து வீட்டுப் பலகாரம் கலந்து கிடந்தாலும் இது சின்னாயி பிடித்தது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

பங்களா முன்னால் வேப்பமரத்தடியில் நல்ல கூட்டம். ஒவ்வொருத்தராக உள்ளே போய் வந்தார்கள். பக்கத்து ஊர் வெங்கடாசலம் வெளியே வந்து, வீட்டுக்குக் கிளம்பாமல் மரத்தடியிலேயே மறுபடி உட்கார்ந்தார்.

"என்னங்கண்ணா ஆச்சு?" என்று கேட்டேன்.

"நல்லாத்தாம்மா கேட்டாரு. இன்னும் முடியலைன்னு நெனைக்கறேன். மறுக்காவும் கூப்புடுவாரு" என்றார்.

அவர் பக்கத்தில் இன்னும் சிலர் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷமான முகம், யாருக்கும் வேலை ஆனதாகத் தெரியவில்லை. எனக்கு விளங்கவில்லை.

இவரைக் கூப்பிட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பங்களாக் காவல்காரர் ஆண்டி எங்கள் ஊருக்குப் பெண் கொடுத்தவர். குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு பின்பக்கம் போய்ச் சன்னலோரம் நின்றுகொண்டேன்.

துரை எங்கேயோ புத்தகத்தை வைத்துத் தமிழ் படித்தவர். நம்மைவிடச் சுத்தமாகப் பேசினார். மொழிபெயர்த்துச் சொல்லத் துபாஷி யாரும் கிடையாது, அவரே கேட்டார். என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அணை முடிந்துபோன பதிலுக்குத் துரை சிரித்தார். நோம்பிக் கள்ளுக்கு இன்னும் நன்றாகச் சிரித்தார். அண்ணன் செத்ததைச் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "பேச்சுல மெதுவுங்க" என்றபோது, "தெரிகிறது" என்றார். நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாரியாயியைக் கும்பிட்டேன்.

துரை எழுந்து நின்றார். "நல்லது சடையன். உமக்கு இந்த வேலையைத் தருகிறேன். திங்கட்கிழமை முதல் வருகிறீரா?"

என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. குனிந்து கும்பிட்டார். "அட, அதெல்லாம் எதுக்குங்க சாமி. இருக்கட்டுங்க" என்றார்.

எனக்குத் தலையில் இடி விழுந்தது.

துரை புருவத்தைத் தூக்கினார். "வேலை வேண்டாமா?"

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்றார் இவர், அதே சிரிப்போடு.

"நல்லது. போகலாம். அடுத்த ஆள்" என்று துரை உட்கார்ந்துவிட்டார்.

இவர் போகவில்லை. இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறதே என்று அங்கேயே நின்றார். சேவகன் தோளைத் தொட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனான். எல்லாக் கேள்விக்கும் பதில் தயார் பண்ணினோம். வேலை தருகிறேன் என்றால் சரி என்று சொல்ல வேண்டும் என்று பாடம் பண்ண எங்கள் மூன்று பேரில் யாருக்கும் தோன்றவில்லை. அது ஒரு கேள்வி என்றே எங்களுக்குத் தெரியாது. மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சௌந்திரத்தின் புருஷன் எந்தக் கேள்வியில் சறுக்கினார் என்பதும் விளங்கியது.

ஓடிப்போய் அவரை நாலு வார்த்தை கேட்கலாம் என்று ஆத்திரம் வந்தது. கேட்டு என்ன ஆகும்? "இன்னொருக்கா கேப்பாரு புள்ள" என்பார். கூப்பிடாமல் திரும்ப உள்ளே போக அவருக்குக் கால் வராது. நான் பின்பக்கக் கதவு வழியாக உள்ளே நடந்தேன்.

"ஏம்மா, எங்க போறே? துரை இருக்காரு" என்று ஆண்டி குறுக்கே கையை நீட்டினார்.

"அவரைப் பார்க்கத்தானுங்க போறேன். நகருங்க" என்றேன். என் குரலைக் கேட்டோ வயிற்றைப் பார்த்தோ தெரியவில்லை, நகர்ந்துவிட்டார்.

துரை நிமிர்ந்தார். "யார் நீர்?"

"இப்ப வந்துட்டுப் போனவரு ஊட்டுக்காரிங்க. அவருக்கு இந்த வேலை வேணுங்க."

"அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே. நான் இரண்டு தடவை கேட்டேன்." பேனாவை மேசையில் போட்டார். "காலையிலிருந்து இதே கதைதான். வெகு தூரம் நடந்து வருகிறார்கள். எல்லாவற்றுக்கும் நன்றாகப் பதில் சொல்லுகிறார்கள். வேலை தருகிறேன் என்றால் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்கிறார்கள். ஓமலூரிலும் இப்படியே. இந்தப் பக்கத்தில் யாருக்கும் வேலை தேவையில்லையா?"

இதை எப்படி விளக்குவது? எங்கள் வழக்கம் என்று சொன்னால், பொய் சொல்வதா உங்கள் வழக்கம் என்று கேட்டால் என்ன சொல்வேன்? கையில் மாமியார் கொடுத்த மூட்டை இருந்தது. முடிச்சை அவிழ்த்து ஒரு உருண்டையை நீட்டினேன்.

"ஒண்ணு எடுத்துக்கங்க சாமி."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "வேண்டாம் அம்மா."

"நல்ல வெல்லம் போட்டதுங்க."

"இருக்கட்டும். நான் சாப்பிட்டாயிற்று."

"எங்கத்தை கையால புடிச்சதுங்க. ஒரு கடி கடிச்சுப் பாருங்க" என்று மேசை மேலேயே வைத்துவிட்டேன்.

துரை சிரித்துவிட்டு எடுத்துக் கடித்தார்.

"மொதல்ல வேண்டாம்னீங்க. அப்புறமும் வேண்டாம்னீங்க. இப்ப ஏனுங்க வாங்கிக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"நீர் இவ்வளவு சொல்லும்போது எப்படி மறுப்பது?"

"அதேதானுங்க சாமி அவரும் சொல்றது."

மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சன்னல் வழியாக மரத்தடியைப் பார்த்தார். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பங்களா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எத்தனை தடவை கேட்க வேண்டும்?"

"மூணு தாட்டிங்க. மூணாந்தாட்டி சரிம்பாங்க."

"அப்படியானால் எனக்கு இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது" என்று சொல்லி எழுந்தார். பாதி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே வாசற்படி இறங்கி மரத்தடிக்குப் போனார். நான் வந்த வழியாகவே வெளியேறிச் சுவரோரம் நின்றேன்.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். துரை இவர் முன்னால் போய் நின்றார்.

"சடையன், உமக்கு இந்த வேலையைத் தருகிறேன். வருகிறீரா?"

இவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். உள்ளே செய்த மாதிரியே குனிந்து கும்பிட்டார். எண்ணிக்கையில் எங்காவது தவறிவிட்டேனா, பாவி மனுஷன் நாலாவது தடவைக்குக் காத்திருக்கிறாரா என்று நினைத்தேன்.

"நீங்க இவ்வளவு தூரம் எறங்கி வந்து சொல்றப்ப..." என்று இழுத்தார். "வாரேனுங்க சாமி."

துரை அப்படியே திரும்பி வெங்கடாசலத்தைக் கேட்டார், மற்றவர்களையும் கேட்டார். ஒருத்தர்கூட மறுக்கவில்லை. நான் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன். வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு தண்ணீர் குடித்துவிட்டு வருகிறவள் மாதிரி சோற்று மூட்டையோடு போனேன். அவர் முகம் பூரித்துக் கிடந்தது.

"பார்த்தயா புள்ள. இன்னொருக்கா கேப்பாருன்னுதான் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைக்காரன்னாலும் மரியாதை தெரிஞ்ச மனுசன்."

நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறவரிடம் போய் உங்களுக்கு வேலை கேட்டுக் கொடுத்தது நான் என்று சொல்ல மனசு வரவில்லை. கம்மஞ்சோற்றைக் கரைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டுத் துணி முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார்.

"உருண்டை ஒண்ணு கொறையுது."

"பசிச்சுதுங்க. தின்னுட்டேன்" என்றேன்.

"சரி" என்று மீதியை எடுத்துக்கொண்டார்.

ஆடி பிறந்ததும் மேஸ்திரி வந்தான். வேறு வேலை ஆகிவிட்டது என்று மாமியாரே அவனை அனுப்பிவைத்தார், மோர்கூட ஒரே தடவைதான் கேட்டார். மகள் தெய்வநாயகி எங்கள் வீட்டிலேயே பிறந்தாள். அவள் முகத்தை அவர் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. துரை திரும்ப ஓமலூர்ப் பக்கம் போய் அங்கே மறுத்தவர்களையும் கூப்பிட்டு எடுத்துக்கொண்டாராம். சௌந்திரம் அடுத்த சந்தையில் என் கூடையில் ஒரு கட்டு முருங்கைக்கீரையைப் போட்டு, "கேள்விக்குக் கீரைங்கக்கா" என்றாள்.

அதற்கப்புறம் அவருடைய வாழ்க்கை கம்பியோடுதான். கையில் தடி, தோளில் கயிறு, வெயிலானாலும் மழையானாலும் கம்பம் கம்பமாகப் பார்த்துக்கொண்டு நடப்பார். சூறைக்காற்றில் கிளை முறிந்து கம்பி மேல் விழுந்தால் இவர்தான் முதலில் போய் நிற்பார். பேச்சில் மெது, வேலையில் மெதுவில்லை. துரைக்குச் சொன்னது ஒன்றும் பொய்யாகவில்லை. துரை சீமைக்குப் போய், அவருக்குப் பின் வேறு யார் யாரோ வந்து, நாடு சுதந்திரமும் வாங்கிவிட்டது. தெய்வநாயகி பாவாடை தாவணிக்கு வந்துவிட்டாள்.

போன மாசம் எங்கள் தெருவுக்குக் கரண்டு இழுத்தார்கள். இவருடைய மேலதிகாரி தண்டாயுதபாணி, சேலத்துக்காரர், எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். நான் உள்ளே அடுப்படியில் இருந்தேன்.

"சடையண்ணே, ஊருக்கெல்லாம் கம்பி காத்தவர் நீங்க. உங்க வீட்டுல ஒரு விளக்குப் போட்டுடலாமா?"

"அதெல்லாம் எதுக்குங்க. இருக்கட்டுங்க" என்றார் இவர்.

நான் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தேன். வாசலுக்குப் போய் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"எதுக்கும் உள்ள ஒரு வார்த்தை கேட்டுருங்க. எங்கூட்டுக்காரி மூணாந்தாட்டி வரைக்கும் பொறுக்க மாட்டா. துரை பங்களாவுக்குள்ளயே போயிக் கேட்டவ."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். "போடச் சொல்லுங்க" என்று எப்படியோ சொன்னேன். தண்டாயுதபாணி சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

"ஏனுங்க, யாரு சொன்னா? ஆண்டியண்ணனா?"

"யாரும் சொல்லலை. துரை கையில பாதி உருண்டை இருந்துதே. நீட்டமா. எங்கம்மா புடிச்சதை எனக்குத் தெரியாதா?"

"அப்ப அன்னைக்கே தெரியுமா? இத்தனை வருசமா ஏன் சொல்லலை?"

"நீ பசிச்சுதுன்னு சொன்னே. இருக்கட்டும்னு உட்டுட்டேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கேட்கக் கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டேன்.

"நான் அன்னைக்கு உள்ள போனது உங்களுக்குச் சங்கடமா இல்லீங்களா? பொம்பளை போயிக் கேட்டு வாங்கின வேலைன்னு?"

அவர் வழக்கம்போல் தரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"நீ போனதாலதான் புள்ள என் பிள்ளை மூஞ்சியை நான் பார்த்தேன்" என்றார்.

நான் மறுபடி கேட்க வேண்டியிருக்கவில்லை. கேட்டது ஒரே தடவைதான்.